மறதி நோயுள்ள அப்பாவால் சிறுநீரும் மலமும் அடக்க முடியவில்லை: இனிப் பம்பர்ஸ்தான் வழியா?

வெள்ளவத்தை மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 81. அவருக்கு அல்சைமர் வகை மறதி நோய் இருப்பதாக வைத்தியர்கள் உறுதிசெய்து சில வருடங்கள் ஆகின்றன. அம்மா காலமான பிறகு யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டு, வெள்ளவத்தையில் உள்ள எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு அவரை அழைத்து வந்தோம். பெயர்களை மறப்பார், சாப்பிட்டதையே மறந்துவிட்டு மீண்டும் சாப்பாடு கேட்பார். ஆனால் குளிப்பதற்கோ மலசலகூடம் போவதற்கோ அவருக்கு எவருடைய துணையும் தேவைப்பட்டதில்லை.

அண்மைக் காலமாக அது மாறிவிட்டது. இரவில் படுக்கை நனைகிறது. பகலில் கதிரையில் இருந்தபடியே சாரம் நனைந்துவிடுகிறது. ஒருநாள் மாலையில் பல்கனிக் கதவைத் திறந்து போய்ப் பூச்சாடியில் சிறுநீர் கழித்துவிட்டார். எதிர்மாடியில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலம் பல நாட்கள் போவதில்லை, பிறகு திடீரென்று தண்ணீர் போல அவருக்கே தெரியாமல் கசிகிறது. அழுக்கான சாரத்தைப் பத்திரிகைத் தாளில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தார். அதைப் பற்றிக் கேட்டபோது கோபப்பட்டு, வேறு யாரோ வைத்திருக்கிறார்கள் என்றார்.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு ஆலோசனை. தண்ணீர் கொடுப்பதைக் குறைக்கச் சொல்கிறார் தம்பி. முழுநேரமும் பம்பர்ஸ் கட்டிவிடுவோம் என்கிறார் கணவர். வெளிநாட்டில் உள்ள பெரியப்பாவின் மகன், சிறுநீர்க் குழாய் (கதீற்றர்) பொருத்திவிட்டால் பிரச்சினை முடிந்தது என்கிறார். நோய் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டதா என்பதுதான் என்னுடைய பயம். அப்பா எடுக்கும் மருந்துகள்: மறதிக்கு இரவில் டொனெபெசில், பிரஷருக்கு அம்லோடிபின், கால் வீக்கத்துக்கு மாலையில் புரூசமைட், தடிமன் வரும்போதெல்லாம் குளோர்பெனிரமின். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

தங்கச்சி, அரசாங்க வைத்தியசாலை வார்ட்டுகளில் பல வருடங்கள் வேலை செய்தவள் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்கிறேன். அல்சைமர் நோயில் சிறுநீர்க் கட்டுப்பாடு போவது பெரும்பாலும் நடுக்கட்டத்திலோ அதற்குப் பிறகோதான் நடக்கிறது. மலக் கட்டுப்பாடு போவது அதற்கும் பின்னால். ஆனால் மெல்லமெல்ல மோசமாகாமல் திடீரென்று தொடங்கினால், அதை மறதி நோயின் கணக்கில் எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கக்கூடாது. வேறு காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும், ஏனென்றால் அப்படிப்பட்ட காரணங்களில் பல குணப்படுத்தக்கூடியவை.

சிறுநீரில் கிருமித் தொற்று முதலாவது சந்தேகம். எரிகிறது, வலிக்கிறது என்று மற்றவர்கள் சொல்வதை மறதி நோயாளி சொல்ல மாட்டார். அதற்குப் பதிலாக ஓரிரு நாளில் குழப்பம் கூடும், நித்திரை கெடும், சிறுநீரை அடக்க முடியாமல் போகும். ஆகவே சிறுநீர்ப் பரிசோதனை தேவை. ஆனால் வயதானவர்கள் பலருடைய சிறுநீரில் எந்த நோயும் செய்யாத கிருமிகள் இருப்பது வழமை. றிப்போர்ட்டில் கிருமி என்று கண்டவுடன் பாமசியில் அன்ரிபயோற்றிக் வாங்கிக் கொடுக்காதீர்கள், அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்து வைத்தியர் தீர்மானிக்கட்டும். அத்தோடு இரத்தப் பரிசோதனை செய்து சீனியையும் பார்த்துவிடுங்கள். கட்டுப்பாடு இல்லாத நீரிழிவு இருந்தால் சிறுநீர் அளவுக்கு மிஞ்சிப் போகும்.

81 வயது ஆண் என்பதால் புரொஸ்டேட் சுரப்பியையும் மறக்கக் கூடாது. அது வீங்கி வழியை அடைத்தால், சிறுநீர்ப்பை நிறைந்து வழிகிறதே தவிர காலியாவதில்லை. பார்ப்பவர்களுக்கு அது அடக்க முடியாமல் போவது போலவே தெரியும். சிறுநீர் கழித்த பின் எவ்வளவு மீதி இருக்கிறது என்று ஸ்கான் செய்து பார்ப்பது சில நிமிட வேலை.

இன்னொன்றையும் கவனித்து எழுதுங்கள்: அப்பாவின் நடை எப்படி இருக்கிறது? பாதம் நிலத்தில் ஒட்டிக்கொண்டதுபோல், அகலக் கால் வைத்துச் சிறு சிறு அடியாக நடக்கிறாரா? நடைத் தடுமாற்றம், மறதி, சிறுநீர் அடக்க முடியாமை ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால், மூளைக்குள் உள்ள அறைகளில் நீர் தேங்கும் ஒரு நோயைப் பற்றியும் வைத்தியர்கள் யோசிப்பார்கள். அரிதான நோய்தான். ஆனால் சிலருக்குச் சத்திரசிகிச்சையால் அந்த நீரை வடியவிட்டு நிலைமையைச் சீராக்க முடியும் என்பதால் சொல்கிறேன்.

தண்ணீரைக் குறைக்கச் சொன்ன தம்பிக்கு என் சார்பில் சொல்லுங்கள்: கொழும்பு வெயிலில் ஒரு முதியவருக்குத் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் செறிவாகிப் பையை உறுத்தும், மலம் இறுகும், கிருமித் தொற்று வரும், குழப்பமும் கூடும். இதயம் அல்லது சிறுநீரகம் காரணமாக வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, ஒரு நாளைக்கு 6 முதல் 8 கிளாஸ் வரை திரவம் போக வேண்டும். அதில் பெரும்பகுதியைக் காலையிலும் மதியத்திலும் கொடுத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குறைத்துக்கொள்ளுங்கள். மாலைத் தேநீரை நிறுத்தினாலே சில வீடுகளில் இரவு அமைதியாகிவிடுகிறது.

குழாய் வேண்டாம். சிறுநீர் முற்றாக அடைபட்டாலோ, ஆறாத படுக்கைப் புண் இருந்தாலோ வைத்தியர் அதைப் போடுவார். சலவை குறைய வேண்டும் என்பதற்காகப் போடுவதில்லை. மறதி உள்ளவர் அது என்னவென்று தெரியாமல் பிடித்து இழுத்துவிடுவார். உள்ளே இருக்கும் பலூன் ஊதிய நிலையிலேயே வெளியே வந்தால் சிறுநீர் வழி கிழிந்து இரத்தம் கொட்டும். நான் பார்த்திருக்கிறேன்.

தெஹிவளை மகன் எழுதியது:

சகோதரி, "பல நாட்கள் போவதில்லை, பிறகு தண்ணீர் போலக் கசிகிறது" என்ற உங்கள் ஒரு வரியைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் என் அம்மாவுக்கும் அதுவேதான் நடந்தது. வயிற்றோட்டம் என்று நினைத்து நிறுத்தும் மருந்து கொடுக்க வேண்டாம். பெரும்பாலும் இது மலச்சிக்கலின் மறுபக்கம். இறுகிய மலம் மலக்குடலில் அடைத்துக்கொண்டு நிற்க, அதற்குப் பின்னால் உள்ள இளகிய மலம் அதன் ஓரங்களால் கசிந்து வெளியேறுகிறது. நிறுத்தும் மருந்து கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். அடைத்து நிற்கும் மலக்குடல் முன்னால் உள்ள சிறுநீர்ப்பையையும் அழுத்துவதால், சிறுநீர் அடிக்கடி வருவதற்கும் வராமல் நிற்பதற்கும் அதுவே காரணமாகலாம். வைத்தியர் விரலால் பரிசோதித்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். அம்மாவுக்கு எனிமா கொடுத்து அடைப்பை எடுத்து, பின் தினமும் மலத்தை இளக்கும் லக்டுலோஸ் பாணி கொடுக்கத் தொடங்கியதும் கசிவு நின்றுபோனது. சிறுநீரும் ஓரளவு சீரானது.

மலம் ஒழுங்காகப் போவதற்கு நேரம்தான் பெரிய மருந்து. சாப்பாடு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும், காலையில் அந்த அசைவு இன்னும் பலமாக இருக்கும். காலைச் சாப்பாடு முடித்து 20 அல்லது 30 நிமிடத்தில், மலம் வருகிறதோ இல்லையோ, அவசரப்படுத்தாமல் அப்பாவை அமர வையுங்கள். கொமட்டில் இருக்கும்போது காலுக்குக் கீழே ஒரு சிறிய பலகையை வைத்து முழங்காலை இடுப்புக்கு மேலே உயர்த்தினால் முக்க வேண்டிய தேவை குறையும். குந்திப் பழகிய உடம்புக்குக் கொமட்டில் நிமிர்ந்து இருப்பது இயல்பாக வருவதில்லை.

பல்கனி விடயத்தை நான் வேறுவிதமாகப் பார்க்கிறேன். உங்கள் அப்பாவின் தலைமுறையில் யாழ்ப்பாணத்து வீடுகளில் மலசலகூடம் வளவின் மூலையில், கிணற்றடியையும் தாண்டி இருந்தது. வீட்டுக்குள், படுக்கையறைக்குப் பக்கத்தில் மலசலகூடம் இருப்பதென்பது அவருடைய வாழ்நாளில் பிந்தி வந்த பழக்கம். மறதி நோய் முதலில் அழிப்பது பிந்தி வந்தவற்றைத்தான். அவசரம் வந்ததும் அவர் பின்கதவைத் தேடுகிறார். உங்கள் வீட்டில் வெளியே திறக்கும் கதவு பல்கனிக் கதவு ஒன்றுதான். அங்கே மண்ணும் செடியும் வேறு இருக்கின்றன. அவருடைய கணக்கில் அவர் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறார்.

அதனால் பல்கனிக் கதவின் முன் ஒரு திரையைப் போட்டு, பூச்சாடிகளை அப்புறப்படுத்தி, மலசலகூடத்துக் கதவை எந்நேரமும் திறந்தே வையுங்கள். அவருடைய கட்டிலில் இருந்தோ கதிரையில் இருந்தோ பார்த்தால் கொமட் கண்ணில் பட வேண்டும். வெள்ளை ஓடு பதித்த அறையில் வெள்ளைக் கொமட் அவர்கள் கண்ணுக்குத் தனியாகத் தெரிவதில்லை. இருக்கை மூடியை மட்டும் கடும் சிவப்பு அல்லது நீல நிறத்தில் வாங்கிப் பூட்டினால் போதும். இரவு முழுவதும் அங்கே ஒரு சிறிய மின்குமிழ் எரியட்டும். குப்பைக் கூடையையும் வாளியையும் கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள், அவற்றையும் அவர் பயன்படுத்தக்கூடும். கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டு உள்ளே வேறு யாரோ இருப்பதாக நினைத்துத் திரும்பி வருகிறவர்களும் உண்டு. அப்படி நடந்தால் ஒரு துணியால் மூடிவிடுங்கள். சாரம் கட்டுகிறவர் என்பது உங்கள் அதிர்ஷ்டம். காற்சட்டையின் பொத்தானோடும் சிப்போடும் போராடும் நேரத்திலேயே பலருக்குக் கட்டுப்பாடு போய்விடுகிறது.

கொட்டாஞ்சேனை மருந்தாளர் எழுதியது:

மேலே உள்ள இருவரும் சொன்னதோடு நான் உடன்படுகிறேன். மருந்துப் பட்டியலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பட்டியலைக் கையில் கொண்டுபோய் வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

புரூசமைட் குடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி, ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் வரை சிறுநீரை இறக்கும். மாலையில் குடித்தால் அந்த ஆறு மணித்தியாலமும் நித்திரை நேரத்தில் போய் விழும். அதைக் காலைக்கு மாற்ற முடியுமா என்பது முதல் கேள்வி. கால் வீக்கம் ஏன் வந்தது என்பது அதைவிட முக்கியமான கேள்வி, ஏனென்றால் அம்லோடிபின் குடிக்கும் பலருக்குக் கணுக்கால் வீங்குவது அந்த மருந்தின் இயல்பு. அந்த வீக்கத்துக்குச் சலம் போகும் குளிசை கொடுத்தால், ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து கொடுத்ததாகிவிடும், அதன் பலன் உங்கள் வீட்டில் மெத்தையில் தெரியும். பிரஷருக்கு வேறு மருந்து மாற்றினால் புரூசமைட்டே தேவைப்படாமல் போகலாம். இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருந்தால் கதை வேறு; அதனால்தான் வைத்தியரைக் கேட்கச் சொல்கிறேன். எப்படியானாலும் மதியத்துக்குப் பின் சற்று நேரம் காலை உயர்த்தி வைத்து இருந்தால், காலில் தேங்கிய நீர் இரவில் படுத்த பிறகு இறங்காமல் பகலிலேயே இறங்கிவிடும்.

டொனெபெசில் சிலருக்குச் சிறுநீர் அவசரத்தையும் இளகிய மலத்தையும் கொடுக்கும். அண்மையில் அளவைக் கூட்டியிருந்தால் அந்தத் திகதியையும் பிரச்சினை தொடங்கிய காலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிறுநீர் அவசரத்துக்கு ஒக்சிபியூட்டினின் போன்ற குளிசை எழுதப்படுவதுண்டு. மூளையில் அசற்றைல்கோலின் என்ற பொருளைக் கூட்டுவதற்காக டொனெபெசில் கொடுக்கிறோம். ஒக்சிபியூட்டினின் அதே பொருளின் வேலையைத் தடுக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றை ஒன்று முறிக்கும், மறதியும் குழப்பமும் கூடும், மலச்சிக்கலும் வரும். மருந்து தேவைதான் என்றால் மிராபெக்ரோன் என்ற வேறு வகை உண்டு. அது பிரஷரை உயர்த்தக்கூடியது என்பதால் அளந்து பார்த்துக் கொடுக்க வேண்டும்.

தடிமனுக்கும் உடம்புக் கடிக்கும் நாம் எல்லாரும் சாதாரணமாக வாங்கிப் போடும் குளோர்பெனிரமினும் இதே தடுக்கும் இனம்தான். புரொஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீரை அடைக்கும், மலத்தை இறுக்கும், மறதி நோயாளியைக் குழப்பும். பாமசியில் நிற்பவனாகச் சொல்கிறேன்: வீட்டில் மறதி நோயாளி இருந்தால் இந்தக் குளிசையை அவருடைய அலுமாரியில் வைக்கவே வேண்டாம்.

மட்டக்குளி மருமகள் எழுதியது:

எல்லாரும் நல்ல ஆலோசனைகள் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் பராமரிப்பவரைப் பற்றி யாரும் பேசவில்லை. மாமியை நான் பார்த்த காலத்தில், இரவில் மூன்று தடவை எழுந்து படுக்கையை மாற்றிவிட்டுக் காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி வேலைக்கும் போன எனக்கு, பம்பர்ஸ் ஒரு தோல்வி என்று சொல்பவர்கள் மீது கோபம்தான் வந்தது. இரவுக்குக் கட்டுங்கள், தங்கச்சி. அப்பாவும் நித்திரை கொள்வார், நீங்களும் நித்திரை கொள்வீர்கள். பகலில் மலசலகூடம் அழைத்துப் போகும் முயற்சியை விடாமல் செய்யலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. பக்கத்தில் ஒட்டும் வகையை விட, உள்ளாடை போல மேலே இழுத்துப் போடும் வகையை ஆண்கள் சண்டையில்லாமல் ஏற்றுக்கொள்கிறார்கள். மெத்தைக்கு மேலே றெக்சின், அதற்கு மேலே பருத்தித் துணி. மறுபடியும் அதேபோல இன்னொரு அடுக்கு. நனைந்தால் மேல் அடுக்கை மட்டும் உருவி எடுத்துவிட்டுப் படுக்கலாம்.

தோலைக் கவனியுங்கள். சிறுநீரும் மலமும் சேர்ந்து தோலில் நின்றால் மிக விரைவாகச் சிவந்து புண்ணாகும். மலம் போனால் உடனே மாற்ற வேண்டும், விடியட்டும் என்று பொறுக்கக் கூடாது. இளஞ்சூட்டு நீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, வஸ்லீன் அல்லது சிங்க் களிம்பை மெல்லியதாகப் பூசுங்கள். அள்ளி அப்பினால் பம்பர்ஸ் ஈரத்தை உறிஞ்சாது. பவுடர் போட வேண்டாம், வியர்வையில் கட்டிபட்டு உராயும். டெட்டோல் தண்ணீரால் உடம்பைக் கழுவும் பழக்கமும் வேண்டாம், அது நிலத்துக்கும் துணிக்கும் போதும்.

இன்னொரு விடயம், சொல்லத்தான் வேண்டும். மகள் தகப்பனைக் கழுவுவது இருவருக்குமே சங்கடம். சில அப்பாக்கள் மகளைக் கண்டால் சாரத்தை இறுகப் பிடித்துக்கொள்வார்கள், அதை முரண்டு என்று எடுக்கக்கூடாது. உங்கள் கணவரோ தம்பியோ காலையில் ஒரு வேளையாவது அந்தப் பொறுப்பை எடுக்கட்டும். ஆலோசனை சொல்வதைவிட அது உபயோகம். ஆண் பராமரிப்பாளர் ஒருவரை வைத்தால், அப்பா மலசலகூடம் போகக் கேட்கும்போது பயன்படுத்தும் சொற்களை அவருக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

வெள்ளவத்தை மகள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. உங்கள் பதில்களை எழுதி எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போனோம். தெஹிவளை அண்ணா சொன்னதுபோல மலக்குடல் அடைத்துத்தான் இருந்தது; எனிமா கொடுத்தார்கள், பாணி மருந்தும் தந்திருக்கிறார்கள். புரூசமைட்டைக் காலைக்கு மாற்றிவிட்டு, அம்லோடிபின் பற்றி அடுத்த கிளினிக்கில் யோசிப்பதாகச் சொன்னார். சிறுநீரில் தொற்று இல்லை. புரொஸ்டேட்டுக்கு ஸ்கான் எழுதியிருக்கிறார். நடை வழமை போலத்தான் இருக்கிறது. கசிவு நின்றுவிட்டது, ஆனால் பகலில் சாரம் நனைவது முற்றாக நிற்கவில்லை. "மலசலகூடம் போக வேண்டுமா?" என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் "இல்லை" என்கிறார். கேட்டுவிட்டு நான் திரும்புவதற்குள் நனைத்துவிடுகிறார். இதற்கு என்ன செய்வது?

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். கேள்வியை விளங்கி, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா என்று உணர்ந்து, பதில் சொல்வதற்குள் அவருக்கு அது பெரிய வேலையாகிவிடுகிறது. "இல்லை" என்பது இலகுவான பதில். அதனால் கேட்காமல் அழையுங்கள். "வாங்கோ அப்பா, கை கழுவிப்போட்டுத் தேத்தண்ணி குடிப்பம்" என்று கையைப் பிடித்து எழுப்பினால் பெரும்பாலும் வந்துவிடுவார். மலசலகூடத்துக்குள் போய்க் கொமட்டைக் கண்டதும் உடம்பு தானாக நினைவுபடுத்தும். குழாயைத் திறந்து தண்ணீர்ச் சத்தம் கேட்க விடுவதும் உதவும்.

எப்போது அழைப்பது என்பதற்கு முதலில் மூன்று நாட்கள் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எத்தனை மணிக்கு நனைந்திருந்தார், எத்தனை மணிக்கு மலசலகூடத்தில் போனார். மூன்றாம் நாள் பார்த்தால் ஏதோ ஒரு ஒழுங்கு தெரியும். அதற்குக் கால் மணித்தியாலம் முந்தி அழைத்துப் போங்கள். ஒழுங்கே தெரியாவிட்டால் விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. சாரத்தை இழுப்பது, கதிரையில் நிலைகொள்ளாமல் அசைவது, எழுந்து அறை அறையாக நடப்பது எல்லாம் அவர் வாயால் சொல்லாததை உடம்பால் சொல்வது. அப்போது நேரம் பார்க்க வேண்டாம். வர மறுத்தால் இழுக்காதீர்கள். பத்து நிமிடம் விட்டு, முடிந்தால் வேறொருவர் போய் அழைக்கட்டும். நனைத்துவிட்டால் "தண்ணீர் ஊற்றுப்பட்டுவிட்டது, மாற்றுவோம்" என்று சொல்லி முடித்துவிடுங்கள். அலுமாரிக்குள் ஒளித்து வைக்கும் அளவுக்கு அவருக்கு வெட்கம் இன்னும் இருக்கிறது.

நேரில் பேசி ஆலோசனை பெற வேண்டுமென்றால், கொழும்பு 10, மருதானையில் உள்ள லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷனுக்குப் போகலாம். பராமரிப்பவர்களுக்கும் அங்கே வழிகாட்டுகிறார்கள். அங்கொடை மனநல வைத்தியசாலையின் முதியோர் பிரிவுக்கு அனுப்பினாலும் தயங்காமல் போங்கள். அங்கொடை என்ற பெயரைக் கேட்டு முகம் சுழிக்கும் நம்மவர்களுடைய பழைய பழக்கத்தால், கிடைக்கக்கூடிய உதவியைப் பல குடும்பங்கள் இழக்கின்றன.

ஸ்கான் எடுக்கும் நாள் வரை ஒன்றை மட்டும் கவனியுங்கள். பல மணித்தியாலம் சிறுநீரே போகாமல் அடிவயிறு உப்பி அவர் துடித்தாலோ, காய்ச்சலோடு திடீரென்று குழம்பினாலோ, சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, கிளினிக் திகதிக்குக் காத்திராமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மருந்துப் பட்டியலையும் அந்தக் கொப்பியையும் மறக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.